வெள்ளிக்கிழமை அனுப்பாத பணம்

பணப் பரிமாற்ற மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, பயிற்சி வகுப்பில் உங்களுக்கு ஓர் அட்டவணை காட்டியிருப்பார்கள். ஒரு பக்கம் உடனடிப் பரிமாற்றம். பட்டனை அழுத்தினால் பணம் அடுத்த வங்கிக் கணக்கில் விழுந்துவிடும். ஞாயிறு, போயா விடுமுறை எதுவும் பார்க்காது. மறுபக்கம் சாதாரணப் பரிமாற்றம். நாள் முழுக்கச் சேரும் தாள்களை ஒரே கோப்பாகக் கட்டித் தலைமை அலுவலகம் அனுப்பும். பணம் அன்றோ மறுநாளோ போய்ச் சேரும். அட்டவணையைப் பார்த்தால் யாருக்கும் தோன்றும், இந்த இரண்டாவது எதற்கு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று. எனக்கும் அந்த அட்டவணை பிடிக்கும், நன்றாகத்தான் தயாரித்திருக்கிறார்கள். ஆனால் தயாரித்தவருக்குப் பதுளையில் வெள்ளிக்கிழமை என்று ஒன்று இருப்பது தெரியாது.

வெள்ளிக்கிழமை எங்கள் பக்கத்தில் காசு வீட்டை விட்டு வெளியே போகாது. பஜாரில் கடை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களிலும் அப்படித்தான், தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலும் அப்படித்தான். கொடுத்தால் மகாலட்சுமியைக் கையைப் பிடித்து வாசலுக்கு வெளியே விட்டதாக அர்த்தம். நான் பஜார் வீட்டுப் பெண். எங்கள் அப்பாவின் புடவைக் கடையிலிருந்து வெள்ளிக்கிழமை யாருக்கும் ஒரு சதம் போகாது, கொடுக்க வேண்டியதை வியாழன் மாலையே கொடுத்து முடித்துவிடுவார். வங்கியில் சேர்ந்த பிறகு கவுண்டருக்கு இந்தப் பக்கமிருந்து அதையே பார்த்தேன். வெள்ளிக்கிழமை பணம் போட வரிசை நிற்கும், அனுப்புவதற்கு ஆள் குறைவாக இருக்கும். இதை மூடநம்பிக்கை என்று நீங்கள் நினைத்தால் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் காதில் விழும்படி மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வியாழக்கிழமை, கவுண்டர் மூடப்போகும் நேரம். புஷ்பராணி என்று ஒரு பெண் மூச்சு வாங்க உள்ளே வந்தார். ஹாலிஎலவுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். மத்தியானக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, அரை நாள் சம்பளப் பெயரை விட்டுவிட்டு, பஸ் ஏறி வந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். புருஷன் முந்தைய வருடம் நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்திருந்தார். வேலை செய்த காலத்தில் சேர்ந்த அவருடைய சேமலாப நிதிப் பணம் எங்கள் கிளையில்தான் இருந்தது. அதை எடுத்துக் கொடுப்பதற்கு நாங்கள் எழுதிய கடிதங்களெல்லாம் வேறு கதை.

அந்தப் பணத்தை அப்படியே இன்னொரு வங்கிக் கணக்குக்கு அனுப்ப வேண்டும் என்றார். ஹாலிஎல டவுனுக்கு மேலே, ரயில் பாதையைப் பார்த்தபடி, பத்து பேர்ச் காணியும் இரண்டு அறை வீடும் விலைக்கு வந்திருந்தது. வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற சிங்களப் பெரியவர். மனைவி இறந்துவிட்டதால் குருணாகலில் மகளோடு போய் இருக்கப் போகிறார். பேச்சு முடிந்து, பாதிப் பணம் முற்பணம், மீதி உறுதிப் பத்திரம் எழுதும் நாளில் என்று ஆகியிருந்தது. மீதியைக் கொழும்பில் வேலை செய்யும் புஷ்பராணியின் தம்பி தருவதாகச் சொல்லியிருந்தார். எல்லாம் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தபோது, அன்று காலை பண்டாரவளையிலிருந்து யாரோ வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பெரியவர் புஷ்பராணிக்குப் போன் பண்ணி, வெள்ளிக்கிழமை மாலைக்குள் யாருடைய பணம் வருகிறதோ அவருக்குத்தான் வீடு என்று சொல்லிவிட்டார்.

“இன்னைக்கே என் கைய விட்டுப் போயிறணும் மிஸ்,” என்றார் புஷ்பராணி. “நாளைக்கு வெள்ளி. நாளைக்கு நான் காசு குடுக்க மாட்டேன்.”

நான் கேட்ட முதல் கேள்வியை நீங்களும் கேட்டுப் பழகுங்கள். அனுப்புவதற்கும் போய்ச் சேருவதற்கும் நடுவில் நடக்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்பதுதான் அது. கணக்கு இலக்கம் சரியா என்று எல்லோரும் பார்ப்பார்கள், கம்ப்யூட்டரே பார்த்துவிடும். இந்தக் கேள்வியைக் கம்ப்யூட்டர் கேட்காது. அவரிடம் நான் கேட்டது, காணிப் பதிவகத்தில் உறுதியைத் தேடிப் பார்த்தாயிற்றா என்று. உறுதி எழுதும் நொத்தாரிஸிடம் சொல்லியிருப்பதாகவும், அவருடைய கிளாக்கர் நாளை காலை பதிவகத்துக்குப் போய்ப் பார்ப்பதாகவும் சொன்னார். அப்படியானால் இன்னும் பார்க்கவில்லை. “நல்ல மனுசன் மிஸ். போறப்ப எல்லாம் டீ ஊத்திக் குடுப்பாரு,” என்றும் சேர்த்துச் சொன்னார்.

டீ ஊற்றிக் கொடுப்பது நல்ல குணம், நான் மறுக்கவில்லை. பதிவகத்தில் அதை எழுதி வைக்க மாட்டார்கள்.

அதற்குள் மெனேஜர் என் மேசைக்கு வந்துவிட்டார். கொழும்பிலிருந்து மாற்றலாகி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நல்ல மனிதர், கெட்டிக்காரர், கால் தரையில் நிற்காத அவசரக்காரர். கிளையில் உடனடிப் பரிமாற்றம் எத்தனை போகிறது என்று மேலிடம் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. விஷயத்தைக் கேட்டதும், உடனடியில் போட்டு விடுங்கள், அந்த அம்மா அடுத்த பஸ்ஸைப் பிடிக்கட்டும் என்றார். நான் தயங்குவதைப் பார்த்துவிட்டு, “மிஸ், நாம இழுத்தடிச்சு இவங்களுக்கு வீடு கை நழுவிப் போனா யார் பதில் சொல்றது?” என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. அவரை நான் பலமுறை திட்டியிருக்கிறேன், மனதுக்குள்தான், ஆனால் அன்று அவர் கேட்டது தப்பே இல்லை.

நான் புஷ்பராணியை உட்கார வைத்து இரண்டையும் சொன்னேன். உடனடியில் போட்டால் அடுத்த நிமிடமே அது பெரியவரின் பணம். அதன் பிறகு பதிவகத்தில் ஏதாவது வில்லங்கம் தெரிந்தால், திருப்பித் தருவதும் தராததும் அவர் மனசு. வங்கி நடுவில் புகுந்து பிடுங்கித் தர முடியாது. சாதாரணத்தில் போட்டால் பணம் இன்றைக்கே உங்கள் கணக்கிலிருந்து கழிந்துவிடும். ஆனால் இன்றைய கோப்பு போய்விட்டதால் நாளைக் காலைக் கோப்பில்தான் ஏறும். அந்தக் கோப்பு போகும் வரை நாங்கள் நிறுத்தலாம், போய்விட்டால் நாளைக்கே அவருக்குக் கிடைத்துவிடும். எதை வேண்டுமானாலும் நீங்கள் சொல்லுங்கள், உங்கள் பணம் என்றேன்.

 நடுவில் ராத்திரி முழுக்க அது யாரிடம் இருக்கும் என்று அவர் கேட்டார். எங்களிடம் என்றேன். வங்கியில் இத்தனை வருடம் வேலை பார்த்தும் அந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை, அவர் சட்டென்று பிடித்துக்கொண்டார்.

“அப்ப நான் வியாழக்கிழம குடுத்துட்டேன். வெள்ளிக்கிழம அனுப்புறது நீங்க,” என்றார். “உங்க பேங்கு லட்சுமிதான் வெளிய போகும். எங்க வீட்டு லட்சுமி போக மாட்டா.”

மெனேஜரே சிரித்துவிட்டார். சாதாரணப் பரிமாற்றம் என்று முடிவாயிற்று. நொத்தாரிஸின் சொல் வராமல் பணத்தை விட வேண்டாம் என்று அந்தத் தாளிலேயே ஒரு வரி எழுதி, புஷ்பராணியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். பெரியவரோடு நீங்களே ஒரு வார்த்தை பேசிவிடுங்கள் என்று அவர் கேட்டதால், அவர் முன்னாலேயே போன் போட்டுச் சிங்களத்தில் பேசினேன். நாளை மாலைக்குள் வந்தால் போதும், அதற்கு மேல் என்னால் காத்திருக்க முடியாது என்றார் பெரியவர். குரல் மரியாதையாகத்தான் இருந்தது, கொஞ்சம் அவசரமாகவும் இருந்தது.

இதுவரை எல்லாம் அழகாகப் பொருந்தியிருந்தது. புஷ்பராணியின் வெள்ளிக்கிழமையும் பெரியவரின் கெடுவும் நொத்தாரிஸின் தேடுதலும், மூன்றும் ஒரே தாளுக்குள் அடங்கியிருந்தன. எனக்கு என் மேலேயே கொஞ்சம் பெருமையாக இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். பெருமை மறுநாள் காலை வரைதான் தாங்கியது.

வெள்ளிக்கிழமை காலை பதுளையில் நல்ல மழை. காணிப் பதிவகத்தில் கூட்டம். நொத்தாரிஸின் கிளாக்கர் போன் பண்ணி, பார்க்க வேண்டிய பழைய பதிவேட்டை வேறு யாரோ வாங்கி வைத்துக்கொண்டிருப்பதாகவும், தன் முறை வர மத்தியானம் ஆகலாம் என்றும் சொன்னார். எங்கள் கோப்பு மத்தியானம் வரை காத்திருக்காது. பத்து மணி வாக்கில் தலைமை அலுவலகம் அதை மூடிவிடும். அதற்கு முன்பு நான் விடச் சொல்ல வேண்டும், அல்லது நிறுத்தச் சொல்ல வேண்டும்.

புஷ்பராணிக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. அவர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார், அந்த மலையில் சிக்னலும் கிடையாது. மீண்டும் அடித்தேன். மெனேஜர் பின்னால் வந்து நின்றார். விட்டுவிடுங்கள், சந்தேகம் என்று ஒன்றும் இல்லையே, தேடுதல் தாமதம் அவ்வளவுதானே என்றார். நிறுத்தினால் இன்று பணம் போகாது, பண்டாரவளைக்காரர் வீட்டை எடுத்துக்கொள்வார் என்றும் சொன்னார். வேண்டுமானால் மத்தியானம் கிளாக்கர் சொன்ன பிறகு உடனடியில் போடலாமே என்றும் கேட்டார். போடலாம்தான். ஆனால் நிறுத்தினால் பணம் புஷ்பராணியின் கணக்குக்குத் திரும்பிவிடும், திரும்பிய பணத்தை வெள்ளிக்கிழமை அவர் கையால் மறுபடி அனுப்பச் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்க அவர் கீழே இறங்கி வரவும் வேண்டும்.

இந்த மாதிரி நேரத்தில் உங்களுக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். தாளில் எழுதியிருக்கிறது, சொல் வராவிட்டால் நிறுத்து என்று. நிறுத்திவிட்டால் நம் தலை தப்பும். வீடு போனால் அது அவர்கள் பாடு. அப்படி நினைத்து நிறுத்துகிறவரை நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் நல்ல அதிகாரி என்று சொல்ல மாட்டேன். நிறுத்துவது ஒரு வேலை என்றால், நிறுத்திய பிறகு அவருக்காக என்ன செய்வது என்பதும் வேலைதான். நான் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டு அந்த ஒரு தாளை எடுத்து வைக்கச் சொன்னேன். வைத்த கையோடு பெரியவருக்குப் போன் போட்டேன்.

அவரிடம் நான் எதையும் சுற்றி வளைக்கவில்லை. பணம் தயாராக இருக்கிறது, பதிவகத்திலிருந்து இன்னும் சொல் வரவில்லை, அதனால் நிறுத்தி வைத்திருக்கிறேன் என்றேன். பிறகு, ஒன்று கேட்கலாமா என்று கேட்டுவிட்டு, அந்தப் பதிவேட்டில் கிளாக்கர் எதையாவது பார்ப்பாரா, உங்களுக்குத்தானே தெரிந்திருக்கும் என்றேன்.

 போனில் ரயில் ஒன்று போகிற சத்தம் மட்டும் கேட்டது. போனை வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன். பிறகு மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். வீடு கட்டும்போது ஒரு கடன் வாங்கி வீட்டை ஈடு வைத்திருக்கிறார். கடனை எப்போதோ கட்டி முடித்தாயிற்று. ஆனால் ஈட்டை மீட்டதாகப் பதிவகத்தில் எழுதிப் பதியவே இல்லை. மனைவி நோயில் விழுந்த காலம், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் அது அப்படியே நின்றுவிட்டது. முன்பு வாங்க வந்த ஒருவர் இதைக் கேட்டதுமே ஓடிவிட்டாராம். அதனால் இந்த முறை யாராவது கேட்டால் சொல்வோம் என்று இருந்துவிட்டேன் மிஸ், நான் ஏமாற்றுக்காரன் இல்லை என்றார்.  எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

நான் அவரை நம்பினேன். இருந்தாலும் பணத்தை விடவில்லை. நம்புவது வேறு, ஒரு விதவையின் புருஷன் உழைத்த காசை இன்னொருவர் கணக்கில் போடுவது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பதற்குத்தான் நமக்குச் சம்பளம் தருகிறார்கள்.

மத்தியானம் கிளாக்கரும் அதையே சொன்னார். ஈடு பதிவில் இருக்கிறது, மீட்டதற்குப் பதிவு இல்லை.

மாலையில் புஷ்பராணி வந்தார். மலையை விட்டு இறங்கியதும் போனில் பணம் திரும்பிய மெசேஜைப் பார்த்திருக்கிறார். என் பெயரில் வந்த மிஸ்ட் கோல்களையும் பார்த்திருக்கிறார். நனைந்த புடவையோடு நேராக பஸ் ஏறிவிட்டார். வங்கி மூடியாயிற்று, காவலாளி என்னைக் கூப்பிட்டார். வெளி வராந்தாவில் நின்றபடியே அவர் என்னைக் கேட்ட கேள்வி இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

“ஏன் மிஸ் நிப்பாட்டினீங்க? உங்கள நம்பித்தானே குடுத்துட்டுப் போனேன். எம் புருசன் உசுரோட இருந்தும் எனக்கு ஒரு வீடு கட்டித் தரல. செத்த பெறகாவது அவரு காசுல ஒரு வீடு கெடைக்கும்னு இருந்தேன். அதையும் கெடுத்துட்டீங்களே.”

அவர் அழவில்லை, கோபம் முழுக்கக் குரலில் இருந்தது. நான் குறுக்கே பேசாமல் கேட்டேன். இதையும் சொல்லி வைக்கிறேன், வாடிக்கையாளர் கோபமாக இருக்கும்போது விதிகளை எடுத்து ஒப்பிக்காதீர்கள். முதலில் அவர் பேசி முடிக்கட்டும். அவர் முடித்த பிறகு, ஈடு விஷயத்தை நடந்தது நடந்தபடி சொன்னேன். பெரியவர் தானே ஒப்புக்கொண்டதையும் சொன்னேன். நேற்று உடனடியில் போட்டிருந்தால் இந்நேரம் பணம் அவரிடமும், வீடு ஈட்டிலும், நீங்கள் நடுத்தெருவிலும் இருந்திருப்பீர்கள் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அதை அவரே புரிந்துகொள்வது எனக்குத் தெரிந்தது.

வராந்தாத் தூணைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் மெல்ல இறங்கியது. வெள்ளிக்கிழமை காசு போகாமல் வீட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது, அதுவும் ஒரு கணக்குத்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, கடன் கட்டியது உண்மையா இல்லையா என்று யாரால் சொல்ல முடியும் என்று கேட்டார். கடன் கொடுத்த இடத்திலிருந்து கடிதம் வாங்கி நொத்தாரிஸிடம் கொடுத்தால் அவர் ஈட்டு மீட்பு எழுதிப் பதிந்துவிடுவார், சில நாட்கள் ஆகும் என்றேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

அவர் நேராக லயத்துக்குப் போகவில்லை, பெரியவர் வீட்டுக்குப் போயிருக்கிறார். அங்கே நடந்ததைப் பெரியவரே பிறகு எனக்குச் சொன்னார். புஷ்பராணி சண்டை போடவில்லையாம். ஈட்டை மீட்டுப் பதிந்துவிட்டு வாருங்கள், அதுவரை நான் காத்திருக்கிறேன், பணமும் என்னிடமே இருக்கும், அதற்கு முன்பு ஒரு சதமும் தர மாட்டேன் என்றாராம். பண்டாரவளைக்காரருக்கும் பெரியவர் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார், அவர் அதன் பிறகு போன் எடுக்கவில்லையாம். கேட்டுவிட்டும் ஓடாமல் வாசலில் நின்றது இந்த ஒரு பெண்தான் மிஸ் என்றார் அந்த மனிதர். கடன் கடிதத்துக்காக மறு வாரம் முழுக்க அவர்தான் அலைந்தார். கடன் உண்மையிலேயே கட்டி முடிந்திருந்தது. அவரை நம்பியதில் நான் தோற்கவில்லை, பணத்தை விடாததிலும் தோற்கவில்லை.

இனித்தான் உங்களுக்கான பாடம் வருகிறது. ஆகவே தூங்க வேண்டாம். உறுதி எழுத நாள் குறித்தாயிற்று. மெனேஜர் என்னிடம் வந்து, மிகவும் பணிவாக, இந்த முறையும் சாதாரணத்திலேயே போட்டுவிடலாம் மிஸ், அதுதானே பாதுகாப்பு என்றார். மனிதர் நன்றாகப் பாடம் படித்திருந்தார், ஆனால் தலைகீழாகப் படித்திருந்தார்.

நான் மாட்டவே மாட்டேன் என்றேன். இந்த முறை உடனடிதான். யோசித்துப் பாருங்கள். நொத்தாரிஸ் மேசையில் பெரியவர் ஒரு பக்கம், புஷ்பராணி ஒரு பக்கம். பணம் கைக்கு வராமல் பெரியவர் கையெழுத்துப் போட்டால் அவர் ராத்திரி முழுக்கத் தூங்க மாட்டார். கையெழுத்து இல்லாமல் பணம் போனால் புஷ்பராணி தூங்க மாட்டார். நாளைக்கு வரும் பணத்தை வைத்துக்கொண்டு அந்த மேசையில் ஒருவர் இன்னொருவரை நம்பியே ஆக வேண்டும். அன்று வியாழக்கிழமை நமக்கு ஓர் இரவு இடைவெளி தேவைப்பட்டது, ஏனென்றால் பார்க்க வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. இப்போது எல்லாம் பார்த்தாயிற்று. இனி இடைவெளி இருந்தால் அதற்குள் பயம்தான் புகுந்துகொள்ளும். யாராவது ஒரு மரக்கறி வியாபாரி லொறியை நிறுத்தி வைத்துக்கொண்டு போன் பண்ணினால் நான் ஒரு கேள்வியும் கேட்காமல் உடனடியில் போடுவேன். சரக்கு கண்ணெதிரே ஏற்றியாயிற்று, வேறு எதுவும் பாக்கி இல்லை, கோவாவும் தக்காளியும் அழுகுவதற்குள் பணம் போக வேண்டும். வேகம் நல்லதா கெட்டதா என்று என்னைக் கேட்காதீர்கள். என்ன பாக்கி இருக்கிறது என்று கேளுங்கள்.

முந்தின நாளே புஷ்பராணியைக் கிளைக்கு வரச் சொல்லி, அவருடைய போனில் ஒரு நாளில் அனுப்பக்கூடிய வரம்பை உயர்த்திக் கொடுத்தோம். உறுதி எழுதும் நாளில் நானும் போனேன். எனக்கு அங்கே வேலை இல்லை, அவர் கூப்பிட்டார், லீவு போட்டுக்கொண்டு போனேன். பழைய மரப்படி ஏறிப் போகும் சின்ன அலுவலகம். நொத்தாரிஸ் உறுதியை முழுக்க வாசித்துக் காட்டினார். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கையெழுத்து வைத்தார். புஷ்பராணி போனை எடுத்தார்.

போன் திறக்கவில்லை. பெருவிரலை வைத்தார், திரும்ப வைத்தார், புடவையில் துடைத்துவிட்டு வைத்தார். கொழுந்து பறித்துப் பறித்துக் கறை ஏறி, ரேகை தேய்ந்த விரல் அது. அந்தப் போன் கண்ணாடிக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. பெரியவர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார், நொத்தாரிஸ் பேனாவை மூடவில்லை.  இத்தனை ஏற்பாடும் செய்த நான் இதை நினைத்துப் பார்க்கவில்லையே என்று இருந்தது. புஷ்பராணிதான் கொஞ்சமும் பதறவில்லை.

“விரல விடுங்க மிஸ். நம்பர் எனக்குத் தெரியும்,” என்று சொல்லிவிட்டு, போனை யாருக்கும் தெரியாதபடி மடியில் வைத்து ஒவ்வொன்றாக அழுத்தினார்.

பெரியவரின் சட்டைப் பையில் போன் சிணுங்கியது. எடுத்துக் கண்ணுக்கு அருகே பிடித்துப் பார்த்தார். இன்னொரு முறை சிணுங்கியது, அது கொழும்பில் தம்பி வேலைக்கு நடுவில் அனுப்பிய மீதிப் பணம். இரண்டையும் பார்த்து முடித்ததும் பெரியவர் எழுந்து நின்றார். புஷ்பராணி தட்டில் வெற்றிலை கொண்டுவந்திருந்தார். அந்த வெற்றிலை மேலேயே பெரியவர் சாவியை வைத்து இரண்டு கையாலும் தந்தார். மனைவி நட்ட ரோசாச் செடியைப் பிடுங்காமல் இருந்தால் போதும் என்று கேட்டுக்கொண்டார். புஷ்பராணி அதற்குத் தலையை ஆட்டினார். எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது, வெட்கப்படாமல் சொல்கிறேன், படி இறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு சில வாரம் அவரைக் காணவில்லை. வீடு மாறுகிற வேலை இருந்திருக்கும். ஒரு நாள் காலை கவுண்டரில் வந்து நின்றார். கணக்கில் முகவரி மாற்ற வேண்டுமாம். அதுவரை அவர் முகவரி என்பது தோட்டத்தின் பெயரும் டிவிசனின் பெயரும்தான். கவுண்டரில் இருந்த பெண் கேட்கக் கேட்க, வீட்டு இலக்கத்தையும் வீதியின் பெயரையும் அந்த மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னார். மாற்றி முடிந்தது. அவர் போகவில்லை. என் மேசைக்கு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, வங்கியிலிருந்து ஒரு கடுதாசி போடுவீர்களா என்று கேட்டார்.

எதற்கு, கணக்கில் என்ன நடந்தாலும்தான் போனுக்கு மெசேஜ் வந்துவிடுகிறதே என்றேன். இல்லை, தபாலில் வருகிற கடுதாசி வேண்டும், எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்றார். தோட்டத்தில் கடுதாசி எல்லாம் ஆபீசுக்குத்தான் வருமாம். அங்கே போய் நின்று கேட்டு வாங்க வேண்டும். பிறந்ததிலிருந்து ஒரு தபால்காரர் தன் வாசலில் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை என்றார்.

கணக்கு மீதியைக் காட்டும் கடிதம் ஒன்றை அடித்து, கையெழுத்து வைத்து, உறையில் போட்டு, அவருடைய பெயரையும் புதிய முகவரியையும் என் கையாலேயே எழுதினேன். பார்த்துக்கொண்டிருந்த கவுண்டர்ப் பெண், ஆள் இங்கேயே நிற்கிறாரே, கையிலேயே கொடுத்துவிடலாமே மிஸ் என்று உறையை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

புஷ்பராணி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“வேணாம் பிள்ள. மெதுவாவே வரட்டும்,” என்றார். “நான் வீட்டுல இருப்பேன்.”